குரல் மட்டும் போதும்

சென்னைக் கம்பெனிக்காரர்கள் மடிக்கணினியை மூடியதும் தாளாளர் ஜெயச்சந்திரன் அவர்களுக்குப் பன்னீர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். அவர்கள் சொன்ன விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டாசு வியாபாரத்தில் ஊறிய மனிதர். விலை பிடிக்காதபோதுதான் அவரிடம் உபசாரம் கூடும். கார் கேட்டைத் தாண்டிய பிறகு, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆசிரியர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆன்லைன் பாடம்னு இனிமே எல்லாக் காலேஜும் போர்டு வைக்கும். நாமளும் வைக்கணும். ஆனா இவுக கேக்குறதக் குடுத்தா நான் பட்டாசு யூனிட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். வேற வழி இருக்கா?"

கணினித் துறையில் கடைசியாக வந்து சேர்ந்த பாண்டிலட்சுமிதான் எழுந்து நின்றாள். நாரணாபுரத்துப் பெண். அம்மா சரவெடி பின்னிப் படிக்க வைத்த மகள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி மாதக்கணக்காகத் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சார். இவுக காட்டுன அம்புட்டையும் செய்யுற மென்பொருள் ஒண்ணு சும்மாவே கெடைக்கு. மூடில்னு பேரு."

"ஓசியா?"

"ஓசின்னு இல்ல சார். கட்டற்ற மென்பொருள்னு சொல்லுவாக. பல நாட்டு ஆளுக சேர்ந்து எழுதிப் பொதுவுல வச்சிருக்காக. யாரும் எடுத்துக்கிடலாம். நமக்குத் தக்கன மாத்திக்கிடலாம், அடுத்தவுகளுக்கும் குடுக்கலாம்."

"எழுதுனவன் பின்னால வந்து காசு கேக்க மாட்டானே?"

"மாட்டாக சார். அவுக பேர அழிக்காம இருந்தாப் போதும்."

ஜெயச்சந்திரன் சிரித்தார். "பேரு போதும்ங்கிற ஆளுகளும் இருக்கத்தான் செய்யுறாக" என்றார். "சரிம்மா, ஆரம்பி."

அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். திருத்தங்கல் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த அந்தக் கல்லூரிக்கு இணைய இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். மின்சாரம் அதைவிட மோசம். வெளியிலிருந்து பாடத்தை இழுத்துக் காட்டுவது நடக்காது என்று பாண்டிலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கழித்துப் போட்ட கணினியை வாங்கிவந்து, அதில் லினக்ஸ் ஏற்றி, மூடிலையும் ஏற்றி, ஆய்வகத்து மூலையில் வைத்தாள். பாடங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆய்வகத்துக் கணினிகள் கம்பி வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளியே இணையம் செத்தாலும் உள்ளே பாடம் ஓடும். மெனுக்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினாள். மாணவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

முதலில் வீடியோ எடுத்துப் பார்த்தாள். ஒரு பாடம் ஏற்றியதுமே வட்டு திணறியது, படம் விக்கி விக்கி ஓடியது. படத்தை விட்டுவிட்டாள். கணக்கு ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே ஆசிரியரின் குரல் ஓடும். மாணவர்கள் கேட்டபடியே நோட்டில் படிப்படியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். குரல் மட்டும் போதும் என்று அவள் முடிவெடுத்தாள்.

குரலுக்கு ஆள் கிடைக்கவில்லை. தமிழ்த் துறையில் கூச்சப்பட்டார்கள். வணிகவியலில், "எங்க பாடத்த நீங்க புடிச்சு வச்சுக்கிட்டா நாங்க எதுக்கும்மா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவளும் சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

கடைசியில் சம்மதித்தவர் கணித ஆசிரியர் தனுஷ்கோடி.

தனுஷ்கோடியும் நாரணாபுரம்தான். அவளுக்கு இந்த வேலை கிடைத்ததே அவரால். இடம் காலியாவது தெரிந்ததும் முதல்வர் அறைக்குப் போய் நின்று அவளுக்காகப் பேசியவர். கல்லூரிக்குள் 'சார்' என்பாள், வெளியே 'அண்ணே' என்பாள். சின்ன வயதில் பட்டாசு ஷெட் ஒன்றில் மருந்து பற்றிக்கொண்டதில் அவருடைய இடக் கன்னமும் காதும் உருகிக் கழுத்தோடு ஒட்டிப் போயிருந்தன. வாயின் ஒரு ஓரம் மேலே இழுத்திருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் நாள் அவரைப் பார்த்ததும் பெஞ்சைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். அவர் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு குரல். அதட்டாது, அவசரப்படாது. கேட்கிறவன் எந்த இடத்தில் பின்தங்கிவிட்டான் என்று தெரிந்ததுபோல அந்த இடத்தில் நின்று காத்திருக்கும்.

"மூஞ்சி தெரியாதுல்லம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"தெரியாது சார். கொரலு மட்டுந்தான்."

"அப்பச் செய்வோம்."

அந்த மாதங்கள்தாம் பாண்டிலட்சுமியின் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். மதியம் ஆய்வகக் கதவைச் சாத்தி, மின்விசிறிச் சத்தம் விழாமலிருக்க அதையும் அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க இருவரும் உட்காருவார்கள். ஒவ்வொரு பாடத்தையும் அவர், "வணக்கம் பிள்ளைகளா, நான் தனுஷ்கோடி" என்று ஆரம்பிப்பார். நிகழ்தகவைச் சொல்லிக் கொடுக்கத் தீப்பெட்டியும் லேபிளும் வரும். வட்டிக் கணக்குக்குச் சீசன் ஆர்டர் வரும். இடையில் அவர் சொல்லும் வேடிக்கைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பதிந்ததை வெட்டிச் சுருக்குவது அவள் வேலை. அதற்கும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. குரல் திரையில் மலையும் பள்ளமுமாகக் கோடு கோடாகத் தெரியும். இருமல், தயக்கம், இரண்டு தடவை சொன்ன வாக்கியம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் கோப்பு சிறுத்துவிடும். போகப் போக, கேட்காமலே கோட்டின் வடிவத்தைப் பார்த்து வெட்டப் பழகிவிட்டாள்.

முடித்த பாடங்களின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இப்பாடத்தை யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.' அதைத் தனுஷ்கோடியிடம் காட்டினாள். "உலகத்துல நல்ல பாடம்லாம் இப்படித்தான் சார் குடுக்காக" என்றாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "நல்ல காரியந்தான். பேரு இருக்கும்ல? அது போதும்" என்றார்.

திறப்பு விழாவுக்குச் சுற்றுவட்டாரக் கல்லூரித் தாளாளர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஆய்வகத்தில் மாணவர்கள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பாடத்தின் ஒவ்வொரு இடத்தில் இருந்ததால், தனுஷ்கோடியின் வேடிக்கைக்கு ஒருத்தி இங்கே சிரிக்க, சற்றுப் பொறுத்து இன்னொருத்தன் அங்கே சிரித்தான். விருந்தாளிகள் வியந்து போனார்கள். "யாருங்க இந்த வாத்தியாரு?" என்று ஒருவர் கேட்டார்.

ஜெயச்சந்திரன் ஓரமாக நின்றிருந்த தனுஷ்கோடியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். விருந்தாளியின் முகம் ஒரு நொடி சுருங்கி விரிந்தது.

"மூஞ்சி தெரியாத எடத்துல எங்க சார அடிச்சுக்க ஆளே கெடையாது" என்றார் ஜெயச்சந்திரன்.

எல்லாரும் சிரித்தார்கள். தனுஷ்கோடியும் இழுத்திருந்த வாயோரத்தால் சிரித்து வைத்தார். ஆனால் முதலில் சிரித்தது பாண்டிலட்சுமிதான். தாளாளர் அவளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறு வருடம் சூலக்கரைப் பக்கம் ஜெயச்சந்திரன் இன்னொரு கல்லூரி திறந்தார். அதற்கும் ஒரு பழைய கணினியில் எல்லாப் பாடங்களையும் நகலெடுத்துக் கொடுத்தாள் பாண்டிலட்சுமி. அங்கே கணிதத்துக்கு ஆசிரியரே போடவில்லை. ஆய்வகக் கதவைத் திறந்து, வருகை எடுத்து, கதவைச் சாத்த ஒரு பெண்ணை வைத்தார்கள். அது நன்றாகவே ஓடியது. மே மாதம் தனுஷ்கோடிக்கும் இன்னும் இருவருக்கும் கடிதம் வந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து அவர்கள் தேவையில்லை.

பாண்டிலட்சுமி தாளாளர் அறைக்குப் போனாள். நாலு வார்த்தை பேசுவது என்று மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். இனி அவள்தான் இரண்டு கல்லூரிக்கும் ஆன்லைன் துறைத் தலைவர் என்றார். தனி அறை, புதுக் கணினி. அடுக்கி வைத்த வார்த்தைகளில் முதல் வார்த்தையை அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததைச் சொன்னார்.

"இன்னொண்ணும்மா. நம்ம சம்பந்தி விருதுநகர்ல காலேஜ் நடத்துறாருல்ல, அவரும் இந்தப் பாடங்களக் கேக்காரு. குடுத்துருவோம். ஆனா வேலய விட்டுப் போன ஆளு பேரு அதுல எதுக்கு? எடுத்துரு. நம்ம காலேஜ் பேரு மட்டும் இருக்கட்டும்."

அவள் சுற்றி வளைத்து வந்தாள். "சார், அந்த மென்பொருள்லயே செஞ்சவுக பேர எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு..."

"அத எடுக்க வேண்டாம். அந்த வெள்ளக்காரன் பேரு இருந்துட்டுப் போகட்டும். எடுத்தா நாளைக்குக் கேசு கீசும்பான். தனுஷ்கோடி என்ன கேசா போடப் போறாரு?" அவர் அன்பாகவே சொன்னார். "ஒனக்குச் சங்கடமா இருந்தாச் சொல்லு. வேற ஒரு பிள்ளையப் பாத்துக்கிடச் சொல்றேன். எல்லாத்தையும் அதுகிட்ட ஒப்படச்சிரு."

வேறு ஒருத்தி. அவள் கூட்டிக் கழித்துத் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றும், தமிழாக்கிய ஒவ்வொரு மெனுவும் வேறு ஒருத்தியின் கையில். "நானே செய்யுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பக்கத்தில் எழுதியிருந்த பெயரை எடுப்பது சுலபமாக இருந்தது. குரலுக்குள் இருந்த பெயர்தான் வேலை வைத்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, 'நான் தனுஷ்கோடி' என்கிற அந்த மேட்டை மட்டும் சுட்டியால் வளைத்துப் பிடித்து அழிக்க வேண்டும். முதல் சில பாடங்களில் கை தயங்கியது. பிறகு, 'வணக்கம் பிள்ளைகளா' என்பதற்கும் பாடத்துக்கும் நடுவில் இடைவெளி துருத்தாமல் ஒட்டுப் போடுவதிலேயே அவள் கவனம் போய்விட்டது. எல்லாம் முடித்து ஒன்றைப் போட்டுக் கேட்டபோது, வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வீட்டில் கணவன் மாரிக்கண்ணனிடம் சொன்னாள். அவன் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். "நாங்க அடிக்குற காலண்டர்ல எங்க பேரா போடுறாக?" என்றான். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தனுஷ்கோடி ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். கேட்டில் காவலாளி ராக்கப்பன் விடவில்லை. போன மாதம் வரை சல்யூட் வைத்தவன், "பாஸ் இல்லாம விடக் கூடாதுன்னு உத்தரவு சார்" என்று கம்பைக் குறுக்கே நீட்டினான். சாயங்காலம் பாண்டிலட்சுமி பேருந்துக்கு வெளியே வந்தபோது, எதிரே டீக்கடை ஓரம் தனுஷ்கோடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"விருதுநகர்ல ஒரு காலேஜ்ல இண்டர்வியூக்குப் போயிருந்தேம்மா" என்றார். "நம்ம சார் சம்பந்தி காலேஜுன்னு அங்கன போன பெறகுதான் தெரிஞ்சது. பாடம் எடுத்துக் காட்டுங்கன்னாக. எடுத்தேன். பாதியில பிரின்ஸ்பால் கையக் காட்டி நிறுத்திட்டு, கம்ப்யூட்டரப் போட்டாரு. என் பாடம். என் கொரலு. 'இது நீங்கதான சார்?'ன்னாரு. ஆமான்னேன். 'நீங்கதான் ஏற்கனவே இங்கன இருக்கீகளே, அப்புறம் இன்னொருக்க உங்கள எதுக்கு எடுக்கணும்?'னு கேட்டாரு. சுத்தி இருந்தவுக எல்லாம் சிரிச்சாக."

பாண்டிலட்சுமி சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுல என் பேரு இல்லம்மா."

"தாளாளர் எடுக்கச் சொன்னாருண்ணே."

"எடுத்தது?"

அவள் கைப்பையைத் திறந்து பேருந்துக்குச் சில்லறை தேடினாள்.

"யாரும் எடுத்துக்கிடலாம்னு நான் சம்மதிச்சது நெசந்தான். பேரு இருக்கும்னுதான சம்மதிச்சேன். நீ எழுதுன விதிதான அது? பேர மட்டும் திருப்பிப் போட்ரு. இன்னொரு எடத்துல போயி நின்னு, இதெல்லாம் நான் செஞ்சதுன்னு காட்டவாவது எனக்கு வேணும்."

"பாக்குறேண்ணே" என்றாள். சொல்லும்போதே அது நடக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவரும் அதே ஊருக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்தப் பேருந்தில் அவர் ஏறவில்லை.

கொஞ்ச நாளில் அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் லோடு ஏற்றுவதை மேற்பார்க்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டாள். மருந்து வாடை பட்டால் இன்றைக்கும் அவர் ராத்திரி தூங்க மாட்டார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள். ஊருக்குள் அவர் எதிரே வந்தால் பாண்டிலட்சுமி வேறு பாதையில் திரும்பிக்கொண்டாள். முடியாதபோது தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

அந்த வருடத் தேர்வு முடிந்து, சூலக்கரைக் கல்லூரிக்கு மட்டும் கணிதத் தாளின் முடிவு வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம்தான் வந்தது. நிகழ்தகவுக் கேள்வி ஒன்றுக்கு எல்லா மாணவர்களும் ஒரே தப்பை ஒரே வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள். தேர்வு அறையில் கூட்டாகக் காப்பி அடித்திருப்பதாகச் சந்தேகம். விசாரணைக்கு ஆள் வருகிறது. குற்றம் உறுதியானால் பிள்ளைகள் அடுத்த தேர்வும் எழுத முடியாது.

பாண்டிலட்சுமி அந்தப் பாடத்தைத் திறந்து ஹெட்போனை மாட்டினாள். பட்டாசுப் பேக்கிங் அறையைப் பற்றித் தனுஷ்கோடி சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி கட்டத் தெரிந்தவர்கள் இத்தனை பேர், லேபிள் ஒட்டத் தெரிந்தவர்கள் இத்தனை பேர், இரண்டும் தெரிந்தவர்கள் இத்தனை பேர். ஏதாவது ஒன்றாவது தெரிந்தவர்கள் எத்தனை? "முதல் ரெண்டையும் கூட்டுங்க. ரெண்டும் தெரிஞ்சவங்களையும் அதோட கூட்டிக்கிடுங்க."

கழிக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்களை ஏற்கனவே இரண்டு தடவை எண்ணியாகிவிட்டது. ஒரு தடவையைக் கழிக்க வேண்டும். கணினிக்காரியான அவளுக்கே அது தெரியும். மற்றக் கல்லூரிகளில் சந்தேகம் கேட்க ஒரு கணித ஆசிரியராவது மிச்சமிருந்தார். சூலக்கரையில், பாடப்புத்தகம் வாங்க வழியில்லாத, கேட்டுச் சந்தேகம் தீர்க்க ஆளில்லாத பிள்ளைகள், காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள்.

வெட்டுவதற்கு முந்தைய மூலப்பதிவுகளை அவள் வேறொரு வட்டில் வைத்திருந்தாள். அதை எடுத்துப் போட்டாள்.

"ரெண்டும் தெரிஞ்சவங்களையும் அதோட கூட்டிக்கிடுங்க." சின்ன நிறுத்தம். "ஐயையோ, தப்பு, தப்பு. கூட்டக் கூடாது, கழிச்சிருங்க. வாத்தியாரே இப்படின்னா பிள்ளைக என்ன செய்யும்?" அதற்குப் பிறகு யாரோ சிரிக்கும் சத்தம். அவள்தான் சிரித்தாள்.

அடுத்தடுத்து ஒரே மாதிரி இரண்டு மேடுகள். கேட்காமல் கோட்டைப் பார்த்து வெட்டியதில், தப்பை வைத்துவிட்டுத் திருத்தத்தை அறுத்துப் போட்டிருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் பிள்ளைகள் காப்பி அடிக்கவில்லை என்று ஆகிவிடும். தனுஷ்கோடி தப்பாகச் சொல்லவில்லை என்றும் ஆகிவிடும். மிச்சம் நிற்கிற ஆள் அவள் ஒருத்திதான். அப்போது தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

ஜெயச்சந்திரன் அந்தப் பாடத்தைத் தானும் போடச் சொல்லிக் கேட்டு, அதற்குள் யோசித்து முடித்திருந்தார். "வாத்தியாரு தப்பாச் சொல்லிக் குடுத்தாரு, பிள்ளைக அத நம்பி எழுதிருச்சுக. அவ்வளவுதான் விசயம். எந்த வாத்தியாருன்னு கேப்பாக. அந்த ஒரு பாடத்துல மட்டும் தனுஷ்கோடி பேரத் திருப்பிப் போடும்மா. அவர வரச் சொல்லியும் ஒரு போனப் போட்ரு. நீ கூப்புட்டா வருவாரு."

தன் அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மூலப்பதிவை அழித்தாள். பிறகு பெயரைப் போட்டாள். பிறகு போன் செய்தாள்.

"பிள்ளைக ரிசல்ட்டு நின்னு போச்சுண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாக."

"வாரேம்மா" என்றார். என்ன வார்த்தை என்றுகூடக் கேட்கவில்லை.

விசாரணை அன்று தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். சீசன் நேரம்; அரை நாள் லீவுக்கு யூனிட்டில் கெஞ்சியிருப்பார். முழங்கை மடிப்பில் பட்டாசு மருந்தின் வெள்ளித்தூள் ஒட்டி மினுங்கியது. சூலக்கரைக் கல்லூரி அலுவலக அறையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இருவர், ஜெயச்சந்திரன், கணினியை இயக்கப் பாண்டிலட்சுமி. திரையில் பாடத்தின் தலைப்பும் அதற்குக் கீழே அவர் பெயரும் இருந்தன. அதைப் பார்த்ததும் தனுஷ்கோடியின் முகம் மலர்ந்தது. அவள் பக்கம் குனிந்து, "போட்டுட்டியாம்மா" என்றார் மெதுவாக.

அவள் பாடத்தை ஓடவிட்டாள்.

அந்த இடம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி மறுபடி போடச் சொன்னார். அவள் மறுபடி போட்டாள்.

"இது உங்க குரல்தானா?"

"என் கொரலுதான் சார்."

"கழிக்கணும்ங்கிறது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. எம்ஃபில் படிச்சிருக்கீங்க."

தனுஷ்கோடிக்கு எதுவோ நாக்கு வரை வந்ததுபோல இருந்தது. திரையைப் பார்த்தார். பிறகு அதை விழுங்கினார். "தப்புதான் சார். பிள்ளைக மேல ஒண்ணும் இல்ல. நான் சொன்னதத்தான் எழுதிருக்குக. அதுகள விட்ருங்க."

"இப்படியெல்லாம் இருந்ததுனாலதான் சார் இவர நாங்க நிறுத்துனோம்" என்றார் ஜெயச்சந்திரன், வருத்தமான குரலில்.

தனுஷ்கோடி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அங்கிருந்து பார்வையைத் திருப்பிப் பாண்டிலட்சுமியைப் பார்த்தார். அவள் விசைப்பலகையில் படிந்திருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அதிகாரி எழுதி நீட்டிய தாளில், தன் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்பதற்குக் கீழே தனுஷ்கோடி கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளின் முடிவை வெளியிடுவதாகவும், இனி இவரை எந்த உறுப்புக் கல்லூரியிலும் நியமிக்க வேண்டாமென்று பரிந்துரைப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

வராந்தாவில் மாணவர்களும் பெற்றோர்களும் காத்திருந்தார்கள். தனுஷ்கோடி வெளியே வந்தபோது யாருக்கும் அவரைத் தெரியவில்லை. முன்னால் நின்ற மாரிசெல்வி என்கிற பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள்.

"பயப்படாதீக பிள்ளைகளா. ரிசல்ட்டு வந்துரும்" என்றார் அவர்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அப்பா, இந்தக் கொரலுதாம்ப்பா. கம்ப்யூட்டர்ல வாரது."

அவளுடைய அப்பா சங்கிலிமுத்து தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர்; ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து காலையிலிருந்து நின்ற கோபத்தில் இருந்தார். "நீருதானா அது? பிள்ளைகள இந்தக் கதிக்கு ஆளாக்குனது? அதான் இந்த மூஞ்சியக் காட்டாம ஒளிஞ்சுக்கிட்டுப் பாடம் நடத்துனீரோ?" என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ, "விடுய்யா, பாவம்" என்றார்கள். தனுஷ்கோடி கும்பிடுவதுபோலக் கையைத் தூக்கிவிட்டு, கூட்டம் விலகிக் கொடுத்த வழியே நடந்தார்.

பாண்டிலட்சுமி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். வெளியே போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கால் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றாள். அவரே பேசினார்.

"லட்சுமி, ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தப் பாடம் எடுக்கையில, கூட்டணும்னு சொன்ன ஒடனேயே நாக்கக் கடிச்சுக்கிட்டுத் திருத்திச் சொன்ன மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். நீகூடச் சிரிச்ச. உள்ள உக்காந்திருக்கையில வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா திரையில அப்படி இல்லையே, அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். நீதான பக்கத்துல இருந்த? நான் திருத்துனேனா, இல்ல நானா நெனச்சுக்கிடுறேனா?"

அவர் அவளைச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தெரியாத வழியைக் கேட்கிற மாதிரி, அவள் சொல்வதை ஏற்றுக்கொள்வதற்குத் தயாராக நின்றிருந்தார். ஒரு நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது. கோப்புதான் அழிந்துவிட்டதே, வாயால் சொன்னால் யார் நிரூபிக்க முடியும், இவருக்காவது தெரியட்டும் என்று நினைத்தாள். பிறகு, இவருக்குத் தெரிந்தால் தினமும் எதிரே வருவாரே என்று நினைத்தாள்.

"இல்லண்ணே" என்றாள். "நீங்க திருத்தல. அப்படியேதான் போனீக. நானும் கவனிக்கல."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்பச் சரி" என்றார். "மனசு தனக்குத் தோதா எதையாச்சும் சேத்துக்கிடும் போலருக்கு. நல்லவேள, உள்ள சொல்லாம விட்டேன். ஒன்னையத்தான் குத்தம் சொன்ன மாதிரி ஆயிருக்கும்."

சிவகாசிப் பேருந்து வந்தது. கூட்டம் அதிகம். அவர் படியில் காலை வைத்து உள்ளே நெருக்கிக்கொண்டு போனார். இடப்பக்கம் நின்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கினார்கள். பேருந்து நகர்ந்தபோது அவள் கையைத் தூக்கினாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்ததால் பார்க்கவில்லை.

உள்ளே போனபோது ஜெயச்சந்திரன் அவளைத் தேடிக்கொண்டிருந்தார். அதிகாரிகளுக்கு ஆன்லைன் பாட ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டதாம். மற்ற கல்லூரிகளுக்கும் சொல்லிக் கொடுக்க அவளை ஒரு பயிலரங்குக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்களாம்.

"அனுப்புங்க சார்" என்றாள் பாண்டிலட்சுமி.